அரிது என்பதால் அருமை: பழைய இத்தாலியக் கால்பந்து மீதான ஏக்கம்

தமிழில் 'அருமை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. எளிதில் கிடைக்காதது என்பது ஒன்று. மிகச் சிறந்தது என்பது மற்றொன்று. 1980களிலும் 1990களிலும் இத்தாலிய லீக் கால்பந்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஏன் பெருமூச்சு விடுகிறார்கள் என்று புதிதாகக் கால்பந்து பார்க்க வரும் ஒருவருக்கு விளக்க வேண்டுமானால், இந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்கலாம். அந்தக் கால ஆட்டங்களின் பதிவுகளை இன்று முழுமையாக உட்கார்ந்து பார்த்தால், வேகம் குறைவாகவும் புல்தரை சேறாகவும் இருப்பதும், பல ஆட்டங்கள் ஒரு கோலும் இன்றி முடிவதும் கண்ணில் படும். ஆட்டத்தின் தரம் ஒன்றுதான் அந்த ஏக்கத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டு வீரர்கள், கோல்கள், ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு ஆகிய மூன்றுமே அன்று அரிதாக இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது புரியும்.

முதலில் சில அடிப்படைச் செய்திகள். இத்தாலியின் முதல்நிலை லீக்கின் பெயர் சீரீ ஆ. அதற்கு அடுத்த நிலை சீரீ பே. பட்டம் வெல்லும் அணி, இத்தாலியக் கொடியின் மூன்று நிறங்களைத் தாங்கிய சிறு கேடயச் சின்னத்தை அடுத்த பருவம் முழுவதும் தன் சட்டையில் தைத்துக்கொள்ளும். 'சிறு கேடயம்' என்று பொருள்படும் 'ஸ்குதேத்தோ' என்ற சொல்லே பட்டத்துக்கும் பெயராகிவிட்டது. 1988 வரை லீக்கில் 16 அணிகள் மட்டுமே இருந்தன. ஓர் அணி ஆண்டுக்கு 30 லீக் ஆட்டங்கள்தான் ஆடும். அதன்பின் 18 அணிகளும் 34 ஆட்டங்களும் ஆயின. இன்று 20 அணிகளும் 38 ஆட்டங்களும்.

ஏக்கத்தின் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1966 உலகக் கோப்பையில், இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில், வட கொரியாவிடம் இத்தாலி 0–1 என்று தோற்று வெளியேறியது. வெளிநாட்டு வீரர்கள் நிரம்பி வழிவதால்தான் உள்நாட்டுத் திறமை வளரவில்லை என்று முடிவு கட்டிய இத்தாலியக் கால்பந்து நிர்வாகம், புதிய வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவை மூடியது. அந்தக் கதவு 1980இல்தான் மீண்டும் திறந்தது. அதுவும் ஒரு கழகத்துக்கு ஒரே ஒரு வெளிநாட்டவர் என்ற அளவில். 1982இல் இருவராகவும் 1988இல் மூவராகவும் அந்த எண்ணிக்கை உயர்ந்தது. இந்த விதியின் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தை நிரப்ப வேண்டிய கழகத் தலைவர் நடுத்தரமான ஆட்டக்காரரை வாங்க மாட்டார். கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறந்தவரைத்தான் தேடுவார். ரோமாவுக்கு பிரேசிலின் ஃபல்காவும், ஜுவென்டஸுக்கு முதலில் அயர்லாந்தின் லியம் பிரேடியும் பின்னர் பிரான்சின் மிஷேல் பிளாட்டினியும் வந்து சேர்ந்தது இப்படித்தான். உலகின் மிகச் சிறந்த முப்பது, நாற்பது பேரை ஒரே நாட்டின் பெரிய, சிறிய ஊர்களுக்கெல்லாம் ஆளுக்கொருவராகப் பங்கிட்டுக் கொடுத்ததுபோல் லீக் அமைந்துவிட்டது.

சிறிய ஊர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1983இல் பிரேசிலின் ஜிக்கோவை வாங்கியது மிலானோ ஜுவென்டஸோ அல்ல, வடகிழக்கு எல்லையோரம் இருக்கும் ஊதினே என்ற சிறு நகரத்தின் கழகமான உதினேசே. அந்த ஒப்பந்தத்துக்கு நிர்வாகம் முதலில் அனுமதி மறுத்தபோது, ஒரு காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த அந்த ஊர்க்காரர்கள், 'ஜிக்கோ வேண்டும், இல்லையேல் ஆஸ்திரியாவோடு போய்விடுகிறோம்' என்று பதாகை பிடித்துத் தெருவில் இறங்கினார்கள். அனுமதி கிடைத்தது. முதல் பருவத்திலேயே ஜிக்கோ 19 கோல்கள் அடித்தார். பட்டியலில் அவருக்கு முன்னால் 20 கோல்களுடன் பிளாட்டினி ஒருவர் மட்டுமே இருந்தார்.

அந்தக் காலத்தை ஒரே ஓர் அணியைக் கொண்டு விளக்கச் சொன்னால், பெரும்பாலோர் சொல்லும் மிலானை விட்டுவிட்டு நான் வெரோனாவைத்தான் சொல்வேன். ஒசுவால்டோ பான்யோலி என்ற அதிகம் பேசாத பயிற்சியாளரின் கீழ், டென்மார்க்கின் எல்க்யாரையும் ஜெர்மனியின் பிரீகலையும் தவிரப் பெரிய பெயர்கள் இல்லாத ஹெல்லாஸ் வெரோனா 1984–85 பருவத்தில் பட்டம் வென்றது. அந்த அக்டோபரில் ஜுவென்டஸுக்கு எதிராக எல்க்யார் இடப்பக்கமாக ஓடிவரும்போது ஒரு பின்கள வீரரின் இடறலில் அவரது ஒரு காலணி கழன்று விழுந்தது. அவர் நிற்கவில்லை. காலுறை மட்டும் அணிந்த காலோடு பெட்டிக்குள் ஓடிப் பந்தைக் கோல் வலைக்குள் அடித்தார். அந்தப் பருவத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஆட்டங்களுக்கு நடுவர்களை அதிகாரிகள் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக முழுவதும் குலுக்கல் முறையில் நியமித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த முறை கைவிடப்பட்டது. குலுக்கல் நடந்த ஆண்டில் வெரோனா வென்றதைத் தற்செயல் என்று நம்பாத இத்தாலியர்கள் ஏராளம்.

வெரோனா வென்ற அதே பருவத்தில்தான் தெற்கே நேப்பிள்ஸுக்கு மரடோனா வந்து சேர்ந்தார். 1984 ஜூலை 5 அன்று, ஆட்டம் எதுவும் இல்லாத ஒரு நாளில், அவர் பந்தைக் காலால் தட்டிக் காட்டுவதைப் பார்ப்பதற்கு மட்டும் பல்லாயிரம் பேர் அரங்கை நிறைத்தார்கள். தொழிற்சாலைகளும் பணமும் பட்டங்களும் வடக்கிலேயே குவிந்திருந்த நாட்டில், தீவுகளை விட்டுவிட்டால் தெற்கிலிருந்து எந்தக் கழகமும் அதுவரை ஸ்குதேத்தோவை வென்றதில்லை. 1987 மே 10 அன்று ஃபியோரென்டினாவுடன் 1–1 என்று சமன் செய்து, மரடோனா ஆடிய நேப்பிள்ஸ் கழகமான நப்போலி அதை வென்றது. கல்லறைத் தோட்டத்தின் சுவரில், 'எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது' என்று இறந்தவர்களை நோக்கி யாரோ எழுதிவைத்ததாக அந்நகரத்தார் இன்றும் சொல்வார்கள். அந்த ஆட்டத்தில் ஃபியோரென்டினாவின் கோலை ஃப்ரீ கிக்கில் அடித்தவர் காயத்தால் நீண்ட நாள் ஆடாமல் இருந்த இருபது வயது இளைஞர். சீரீ ஆவில் அவருக்கு அதுதான் முதல் கோல். அவர் பெயர் ராபர்ட்டோ பாஜ்ஜோ. அவரிடம் பிறகு வருகிறேன்.

இரண்டாவது அரிய பொருள் கோல். 1987–88 பருவத்தில் லீக்கின் அதிக கோல் அடித்தவர் மரடோனா. அவர் அடித்தவை 15. இன்று ஒரு நல்ல முன்கள வீரர் பாதிப் பருவத்தில் அந்த எண்ணிக்கையை எட்டினால் யாரும் வியப்படைவதில்லை. 1993–94இல் மிலான் பட்டம் வென்றபோது 34 ஆட்டங்களில் மொத்தமே 36 கோல்கள்தான் அடித்திருந்தது. ஆனால் எதிரணிகளிடம் வாங்கியவை 15 மட்டுமே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் அறுபது நிமிடம் வரை எந்த வழியும் திறக்காத ஒரு பின்களத்தை ஒரே ஒரு பாஸ் பிளந்துகொண்டு போகும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, ஐந்துக்கு நான்கு என்று முடியும் ஆட்டத்தில் கிடைக்காது என்பதே பழைய ரசிகர்களின் வாதம். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் சரி.

இத்தாலியத் தற்காப்பு என்றவுடன் பலரும் சொல்லும் சொல் 'கத்தேனாச்சோ'. அதற்குத் தாழ்ப்பாள் என்று பொருள். எதிரணி முன்கள வீரர் ஒவ்வொருவரையும் ஒருவர் நிழல்போல் தொடர, அவர்கள் எல்லோருக்கும் பின்னால் 'லிபெரோ' என்ற ஒருவர் யாரையும் தொடராமல் நின்று, தப்பி வருவதைத் துடைத்தெடுக்கும் முறை அது. ஆனால் 1980களில் அந்தப் பழைய தாழ்ப்பாள் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. ஜுவென்டஸின் லிபெரோவான கயேத்தானோ ஷிரேயா பந்தைப் பிடுங்கிய மறுகணமே நடுக்கள வீரரைப்போல் முன்னேறி ஆட்டத்தைக் கட்டினார். தற்காப்பையே தொழிலாகக் கொண்டிருந்தும் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் வெளியேற்றப்பட்டதில்லை.

தாழ்ப்பாளையே கழற்றி எறிந்தவர் அரிகோ சாக்கி. தொழில்முறையில் ஒருநாளும் ஆடியிராத அவரை 1987இல் மிலானின் உரிமையாளர் சில்வியோ பெர்லுஸ்கோனி அக்கழகத்தின் பயிற்சியாளர் ஆக்கினார். ஆளைத் தொடர்வதை விட்டு இடத்தைக் காக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். தசோத்தி, கொஸ்தகூர்த்தா, பரேசி, மால்தீனி ஆகிய நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் முன்னும் பின்னும் நகர்ந்தார்கள். ஃபிராங்கோ பரேசி உயரமானவர் அல்லர். பழைய பதிவுகளில் அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்: எதிரணி நடுக்கள வீரர் தலையைக் குனிந்து பந்தை உதைக்கப் போகும் அந்த நொடியில் பரேசி இரண்டு எட்டு முன்னே வருவார், மற்ற மூவரும் அவரோடு வருவார்கள், பந்து காற்றில் இருக்கும்போதே அவரது வலது கை உயர்ந்திருக்கும்; எதிரணி முன்கள வீரர் ஆஃப்சைடில், அதாவது பின்கள வரிசையைத் தாண்டி விதிக்குப் புறம்பான இடத்தில், தனியாக நிற்பார். முன்பக்கம் குல்லிட், ரைக்கார்ட், வான் பாஸ்டன் என்ற மூன்று டச்சுக்காரர்கள். இந்த அணி 1989இலும் 1990இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. சாக்கியின் கடைசி லீக் ஆட்டத்தில் தொடங்கி, அவருக்குப் பின் வந்த ஃபாபியோ கப்பெல்லோவின் கீழும் தொடர்ந்து 58 லீக் ஆட்டங்களில் தோற்காமல் இருந்தது. 1993 மார்ச்சில் பார்மாவின் கொலம்பிய வீரர் அஸ்ப்ரில்லா அடித்த ஒரு ஃப்ரீ கிக்தான் அந்தத் தொடரை முடித்தது.

லீக் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். 1990இல் ஐரோப்பாவின் மூன்று கழகக் கோப்பைகளையும் மூன்று வெவ்வேறு இத்தாலியக் கழகங்கள் வென்றன. 1992 முதல் 1998 வரை, தொடர்ந்து ஏழு ஆண்டுகள், ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பைக்கான ஒவ்வோர் இறுதி ஆட்டத்திலும் ஓர் இத்தாலிய அணி இருந்தது.

மூன்றாவது அரிய பொருள், ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு. லீக் ஆட்டங்கள் அனைத்தும் ஞாயிறு பிற்பகலில் ஒரே நேரத்தில் தொடங்கின. தொலைக்காட்சியில் நேரலை கிடையாது. அரங்குக்குப் போக முடியாதவர்களுக்கு வானொலிதான் கதி. 'கால்பந்து முழுவதும், நிமிடத்துக்கு நிமிடம்' என்று பொருள்படும் பெயருடன் 1960இல் தொடங்கிய, அரசு ஒலிபரப்பு நிறுவனமான ராயின் வானொலி நிகழ்ச்சி, ஒவ்வோர் அரங்கிலும் ஒரு வருணனையாளரை வைத்திருந்தது. என்றிக்கோ அமேரி முக்கிய ஆட்டத்தை வருணித்துக்கொண்டிருக்கும்போது, வேறு நகரத்திலிருந்து சாந்த்ரோ சோத்தியின் கரகரத்த குரல், 'மன்னிக்கவும் அமேரி' என்று குறுக்கிடும். அவருக்குப் பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்கும். கோல் விழுந்திருக்கிறது, ஆனால் யாருக்கு என்று அவர் சொல்லும்வரை தெரியாது. நாடு முழுவதும் கையில் பந்தயச் சீட்டோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு நொடிகள் நீண்டவை. தோத்தோகால்ச்சோ எனப்பட்ட அந்தச் சீட்டில் 13 ஆட்டங்களுக்கும் வெற்றி, சமன், தோல்வியை ஊகிக்க வேண்டும். 'பதின்மூன்று அடிப்பது' என்பது, நம் ஊரில் லாட்டரி விழுந்ததைச் சொல்வதுபோல், பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. 1993 ஆகஸ்டில் கட்டணத் தொலைக்காட்சி முதன்முதலாக ஒரு லீக் ஆட்டத்தை நேரலையில் காட்டியது. பிறகு ஞாயிறு பிற்பகல் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, சனி, ஞாயிறு இரவு, திங்கள் என்று சிதறியது. இன்று எந்த ஆட்டத்தையும் எங்கிருந்தும் பார்க்கலாம். ஆனால் ஒரு நாடே ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்த ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

இனி வீரர்கள் மீதான அன்பைப் பற்றி. இத்தாலியக் கால்பந்தில் 'பந்தியேரா' என்ற ஒரு சொல் உண்டு. கொடி என்பது அதன் நேர்ப்பொருள். ஒரே கழகத்தில் நெடுங்காலம் ஆடி, அந்தக் கழகத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட வீரரை அப்படி அழைப்பார்கள். மிலானில் 1985 முதல் 2009 வரை 902 ஆட்டங்கள் ஆடிய பாவ்லோ மால்தீனியும், ரோமாவில் 1993இல் பதினாறு வயதில் தொடங்கி 2017 வரை ஆடிய ஃபிரான்செஸ்கோ டோட்டியும் எல்லோரும் அறிந்த கொடிகள். ஆனால் வெல்லும் அணியில் நீடிப்பது பெரிய தியாகம் அன்று. கொடியின் துணி எத்தகையது என்பது சீரீ பேயில்தான் தெரியும். 1980இல் சூதாட்ட ஊழலுக்காக மிலான் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. திரும்பி வந்து 1982இல் ஆடித் தோற்று மறுபடியும் இறங்கியது. இரண்டு முறையும் பரேசி உடன் சென்றார். அவர் ஓய்வு பெற்றபோது 6ஆம் எண் சட்டையையும் மிலான் ஓய்வு கொடுத்துவிட்டது. 1993இல் ஃபியோரென்டினா இறங்கியபோது அர்ஜென்டினாவின் கப்ரியேல் பாட்டிஸ்டூட்டா, எந்தப் பெரிய கழகத்துக்கும் போயிருக்கக்கூடிய நிலையில், அங்கேயே இருந்து அணியை மேலே கொண்டுவந்தார். 2000இல் பட்டம் வேண்டி ரோமாவுக்குச் சென்ற அவர், அந்த நவம்பரில் ஃபியோரென்டினாவுக்கு எதிராக வெற்றிக் கோல் அடித்துவிட்டுக் கொண்டாடாமல் கண்ணீர் விட்டார். 2006இல் ஜுவென்டஸ் இறக்கப்பட்டபோது, உலகக் கோப்பையை வென்று திரும்பிய டெல் பியரோவும் புஃபோனும் சீரீ பேயில் ஆடினார்கள்.

இந்த ஏக்கம் வசதியாக மறந்துவிடும் ஒன்றையும் இங்கே குறிப்பிடுவது நியாயம். மால்தீனியின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், அரங்கின் ஒரு பகுதியில் இருந்த மிலானின் தீவிர ரசிகர்களே அவருக்கு எதிராகச் சீட்டியடித்தார்கள். கொடிகளைக் கொண்டாடுவது அவை இறக்கப்பட்ட பிறகு எளிதாகிவிடுகிறது.

பாஜ்ஜோ எந்தக் கழகத்துக்கும் கொடி அல்லர். ஜுவென்டஸ், மிலான், இன்டர் என்று ஒன்றுக்கொன்று பகையான மூன்று கழகங்களிலும் ஆடியவர்; அப்படிப்பட்டவரை எல்லா ஊர்க்காரர்களும் நேசித்தது விதிவிலக்கு. 1990இல் அதுவரை உலகில் யாருக்கும் தராத விலைக்கு ஃபியோரென்டினா அவரை ஜுவென்டஸுக்கு விற்றபோது ஃபுளோரன்ஸ் நகரத் தெருக்களில் கலவரம் வெடித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜுவென்டஸ் சட்டையில் அங்கே ஆட வந்தவர், தம் அணிக்குக் கிடைத்த பெனால்டியை அடிக்க மறுத்தார். அடித்த மற்றொருவர் தவறவிட்டார், ஜுவென்டஸ் தோற்றது. பாஜ்ஜோ மைதானத்தை விட்டு வெளியேறும்போது யாரோ எறிந்த ஃபியோரென்டினாவின் ஊதா நிறத் துண்டைக் குனிந்து எடுத்துக்கொண்டார். 1994 உலகக் கோப்பை இறுதியில், அணியை அதுவரை தம் கோல்களால் இழுத்துவந்த அவர் அடித்த கடைசிப் பெனால்டி கம்பத்துக்கு மேலே பறந்தது. உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு உதையால். இத்தாலியர்கள் நினைவில் வைத்திருப்பது வேறொன்று.

2001 ஏப்ரல் 1, தூரின் நகரம். பாஜ்ஜோ அப்போது பிரெஷ்ஷா என்ற சிறு கழகத்தில் இருக்கிறார். வயது 34, முழங்கால்கள் இரண்டும் பழுதானவை. எதிரணி ஜுவென்டஸ் 1–0 என்று முன்னிலையில் இருக்கிறது, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே மீதி. நடுக்களத்திலிருந்து இருபத்தொரு வயது ஆந்த்ரேயா பிர்லோ நெடுந்தூரப் பந்து ஒன்றை உயர்த்தி அனுப்புகிறார். பாஜ்ஜோ பின்கள வீரர்களுக்கு நடுவே நழுவி ஓடுகிறார். பந்து அவர் தலைக்குப் பின்னாலிருந்து இறங்குகிறது. கோல்கீப்பர் வான் டெர் சார் முன்னே வருகிறார். பந்து தரையைத் தொடும் முன் பாஜ்ஜோ வலது காலால் ஒரே ஒரு தொடுதலில் அதைக் கொன்று, அதே தொடுதலிலேயே கோல்கீப்பரைக் கடந்து பக்கவாட்டில் நகர்த்திவிடுகிறார். பிறகு வெறும் வலைக்குள் தள்ளுவதுதான் பாக்கி. மூன்று ஆண்டுகள் கழித்து 2004 மே மாதத்தில், மிலான் நகரின் சான் சீரோ அரங்கில் அவர் கடைசியாகக் களத்தை விட்டு நடந்தபோது, எதிரணியின் மால்தீனி வந்து தழுவிக்கொண்டார். அரங்கு முழுவதும் எழுந்து நின்றது. லீக்கில் அவர் அடித்த மொத்தக் கோல்கள் 205.

பிறகு இது ஏன் முடிந்தது? சுருக்கமான விடை பணம். 1990களில் ஜுவென்டஸ், மிலான், இன்டர், ரோமா, லாட்சியோ, ஃபியோரென்டினா, பார்மா ஆகிய ஏழு கழகங்களையும் 'ஏழு சகோதரிகள்' என்று அழைத்தார்கள். பருவம் தொடங்கும்போது ஏழில் எது வேண்டுமானாலும் பட்டம் வெல்லலாம் என்ற நிலை இருந்தது. ஆனால் பலவற்றின் பின்னால் இருந்தவை முதலாளி ஒருவரின் சட்டைப்பையும் வங்கிக் கடனும். பார்மாவைத் தாங்கிய பால் பொருள் நிறுவனமான பார்மலாத் 2003இல் பெரும் கணக்கு மோசடி வெளிப்பட்டுச் சரிந்தது. லாட்சியோவைத் தாங்கிய உணவு நிறுவனமான சிரியோ அதற்கு ஓராண்டு முன்பே கடனைக் கட்ட முடியாமல் நின்றது. ஃபியோரென்டினா 2002இல் திவாலாகி நான்காம் நிலையிலிருந்து தொடங்கியது. நப்போலியும் 2004இல் திவாலானது. ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1995 பொஸ்மன் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வீரர்களுக்கு இருந்த எண்ணிக்கை வரம்பை ஏற்கெனவே உடைத்திருந்தது. உலகின் சிறந்த வீரர்கள் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போனார்கள். 2006இல் நடுவர் நியமனங்களில் தலையிட்ட விவகாரம் வெளியாகி ஜுவென்டஸ் இரண்டு பட்டங்களை இழந்தது. ஊழலில் தொடங்கி ஊழலில் முடிந்த காலம் இது. இதைப் பொற்காலம் என்று சொல்பவர்கள் (நானும் சொல்பவன்தான்) இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலம் முழுவதையும் ஒரே பிற்பகலில் பார்க்க வேண்டுமானால் 2000 மே 14ஐப் பாருங்கள். கடைசி நாள், ஜுவென்டஸ் 71 புள்ளிகள், லாட்சியோ 69. லாட்சியோ ரோமில் ரெஜ்ஜினாவை 3–0 என்று வென்று 72ஐ எட்டியது. ஜுவென்டஸ் ஆடிய பெரூஜா நகரிலோ இடைவேளையில் வானம் பிளந்துகொண்டு மழை கொட்டியது. நடுவர் கொல்லினா குடையைப் பிடித்தபடி வந்து பந்தைத் தரையில் எறிந்து, எழும்புகிறதா என்று சோதித்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். தொடங்கிய சில நிமிடங்களில் பெரூஜாவின் பின்கள வீரர் கலோரி ஒரு கோல் அடித்தார். ரோமில் தங்கள் ஆட்டம் முடிந்தும் வீட்டுக்குப் போகாத லாட்சியோ ரசிகர்கள் புல்தரையில் இறங்கி, காதில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு வேறோர் ஊரில் நடக்கும் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜுவென்டஸால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு வானொலி வருணனையாளர் லாட்சியோ இத்தாலியின் சாம்பியன் என்று அறிவித்தார்.

அன்று லாட்சியோவின் அணித் தலைவர் அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்தா. இரண்டு ஆண்டுகள் கழித்து, கழகம் கடனில் மூழ்க, அவர் மிலானுக்கு விற்கப்பட்டார். அந்தப் பருவத்தில் பெரூஜாவின் பின்களத்தில் ஆடியவர்களில் ஒருவர் மார்க்கோ மாட்டெராட்சி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானின் தலையால் மார்பில் முட்டப்பட்டவர் என்று சொன்னால் பலருக்கும் நினைவு வரும். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது மாட்டெராட்சி சென்னையின் எஃப்சி அணிக்குப் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். அந்தப் பருவத்தின் பிற்பகுதியில் நெஸ்தாவையும் ஓய்விலிருந்து அழைத்துக்கொண்டார். பெரூஜாவில் மழை பெய்த நாளுக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து இருவரும் சென்னையின் நீலச் சட்டையை அணிந்தார்கள். அப்போது ஒருவருக்கு வயது 41, மற்றவருக்கு 38.